மூன்றாம் தரம் கேட்கும் வரை

சின்ன வயதில் எனக்குப் பசித்தாலும் மூன்று சுற்று பொறுத்திருக்க வேண்டும். அது அம்மா போட்ட சட்டம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டிலிருந்து யாரையாவது பார்க்கக் கிளம்பினால், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே பாடம் தொடங்கிவிடும்.

"அங்க சாப்பிடச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் எண்டு சொல்லோணும். ரெண்டாந்தரமும் வேண்டாம். மூண்டாந்தரம் வற்புறுத்தினால் ஒண்டு எடு. பாஞ்சு விழுந்து எடுத்தால், வீட்டில பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லை எண்டெல்லோ நினைப்பினம்."

நான் இதில் கெட்டிக்காரி. சுடச்சுட ரோல்ஸ் தட்டு மூக்குக்கு நேரே வந்து நின்றாலும், "வேண்டாம் மாமி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாமிமாரும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்தார்கள். இரண்டாம் தரத்தோடு தட்டைத் திருப்பிக்கொண்டு போன ஒருவரை நான் கண்டதில்லை.

பதினொரு வயதில் பெரிய பள்ளிக்கூடம் போனபோது எனக்கு ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதி கிடைத்தாள். பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் வீடு. முதல் நாள் அங்கே போனபோது, அவளுடைய தாய் அவண் அடுப்பிலிருந்து சிப்ஸை எடுத்தபடி உனக்கும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நன்றி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மகளுக்கு மட்டும் போட்டார். மிச்சம் இரண்டு சுற்றும் வரும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவள் கடைசிச் சிப்ஸையும் தின்று விரலையும் சூப்பி முடித்தாள்.

வீட்டுக்கு வந்து நான் புட்டை அள்ளி விழுங்கிய வேகத்தைப் பார்த்து அம்மா விசாரித்தார். கதையைக் கேட்டதும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, நல்லகாலம் என்மேல் இல்லை.

"பிள்ளை வேண்டாம் எண்டால் உடன நம்பிறதோ? என்ன சனமப்பா!"

அடுத்த நாள் சிநேகிதியிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னைத் திருத்துவது என்று முடிவெடுத்துவிட்டாள். இடைவேளையில் கிறிஸ்ப்ஸ் பைக்கற்றை நீட்டுவாள். "வேண்டாம்" என்று என் வாய் தன்பாட்டில் சொன்னால் வெடுக்கென்று இழுத்துவிடுவாள். பசி நல்ல வாத்தியார். ஒரு கிழமையில் முதல் தரமே "ஓம்" சொல்லப் பழகிவிட்டேன்.

அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை சொந்தக்காரர் வீட்டில் தட்டை நீட்டியவுடனேயே இரண்டு ரோல்ஸ் எடுத்துவிட்டேன். அம்மாவின் கண் என்னைச் சுட்டெரித்தது. வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். "ஆரிட்டையடி இதைப் பழகினனி?" என்றார். யாரிடம் என்று அவருக்கே தெரியும்.

தெரிந்தும் அந்தச் சிநேகிதியை அவர் வெறுக்கவில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உண்மையிலேயே பசியில்லாமல்தான் வேண்டாம் என்றாள். அம்மாவா கேட்பார்? சோற்றைப் போட்டு, கோழிக்கறியையும் ஊற்றி முன்னால் வைத்துவிட்டார். கண்ணும் மூக்கும் ஒழுக அவள் முழுவதையும் சாப்பிட்டாள். உன் அம்மாவுக்கு வேண்டாம் என்றால் காதிலேயே விழுவதில்லையே என்று என்னிடம் சொன்னாள். குறைபோலச் சொன்னாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. அதன்பிறகு கிழமைக்கு இரண்டு நாளாவது எங்கள் வீட்டு மேசையில்தான் இருப்பாள். 'அன்ரி, அன்ரி' என்று அம்மாவின் பின்னால் திரிவாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

நான் வளர்ந்து வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள் ஆனேன். வேண்டியதைக் கேட்டு வாங்குவேன், வேண்டாததை வேண்டாம் என்பேன். மற்றவர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்வேன். வேலையிடத்தில் இதற்கு நல்ல பெயரும் கிடைத்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

போன வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். நான் அப்போது கலியாணம் முடித்து, லண்டனின் மற்றப் பக்கத்தில் டூட்டிங்கில் இருந்தேன். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபிறகு அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, டூட்டிங்குக்கு எங்களோட வந்து இருங்கோவன்."

"எனக்கென்ன பிள்ளை, இஞ்ச கடை, கோயில் எல்லாம் கிட்ட. நான் இருப்பன்."

சரியம்மா என்றேன். அவருடைய முடிவை மதித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்தவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன். ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தேன். அம்மா மெலிந்துகொண்டு போனார். அப்பாவின் கவலை என்று நினைத்தேன். எட்டு மாதம் போயிற்று.

ஒருநாள் மத்தியானம் வேலையிடத்துக்கு அந்தப் பழைய சிநேகிதி போன் எடுத்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். உன் அம்மாவுக்கு உன்னோடு வந்து இருக்க ஆசை, உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னாரே என்றேன். என்னிடமும் அப்படித்தான் சொன்னார், நான்காம் தரம் கேட்டபோது அழுதுவிட்டார் என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. எனக்குச் சிப்ஸ் தராமல் தின்றவள், என்னைப் பெற்ற தாயிடம் கேட்கும் முறையை எனக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தாள்.

பாதி வேலையில் கிளம்பிப் போனேன். கதவைத் திறந்த அம்மா என்னைக் கண்டு பதறிவிட்டார். உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாறதுக்கு ஆசை எண்டு ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

அம்மா என்னைக் குற்றம் சாட்டவில்லை. சர்வசாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீ ஒருக்காக் கேட்டுப்போட்டு விட்டிட்டாய். மரியாதைக்குக் கேட்டனியாக்கும் எண்டு நினைச்சன்."