திரும்பி வராத டப்பாக்கள்

தமயந்தி டப்பாவை மூடும் விதமே தனி. சாம்பாரை விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்துவாள். மூடியை வைத்து நான்கு பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்துவாள். பிறகு தலைகீழாகக் கவிழ்த்து, காதருகே கொண்டுபோய் மெல்ல ஆட்டுவாள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று தெரிந்த பிறகும் நம்பிக்கை வராது. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, அந்த விரலை முகர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் பை, முடிச்சு, பைக் பார்சல்காரர் எல்லாம்.

சனிக்கிழமைதோறும் மந்தைவெளி வீட்டிலிருந்து இரண்டு பைகள் கிளம்பும். ஒன்று கிண்டியில் இருக்கும் மகன் நிரஞ்சனுக்கு, இன்னொன்று பெசன்ட் நகரில் இருக்கும் மகள் சாருலதாவுக்கு. ஒரே ஊர்தான், பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் இருவரும் கடைசியாக வந்து உட்கார்ந்து சாப்பிட்டது பொங்கலன்று. அன்றும் நிரஞ்சன் ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தான். மற்ற வாரங்களில் சாப்பாடு போகும், பதிலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வரும். டப்பா மட்டும் வராது.

"டேய், டப்பாவெல்லாம் எங்கடா?"

"கழுவி பத்திரமா வெச்சிருக்கேம்மா."

"பத்திரமா வெக்க அது என்ன நகையா? கொண்டாந்து குடுடா."

"வெறும் டப்பாவ எப்படிம்மா குடுக்கறது? நீதானே சொல்லுவ, அடுத்த வீட்டுப் பாத்திரத்த வெறுமனே திருப்பக் கூடாதுன்னு."

அவள் சொன்னதுதான். அவன் சிறுவனாக இருந்தபோது மாடி வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தரும்போதெல்லாம் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அவன் கையில்தான் கொடுத்தனுப்புவாள். வளர்த்த பாடம் இப்படிக் குறுக்கே வந்து நிற்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"ரெண்டு கரண்டி சக்கரை போட்டுக் கொண்டா."

"சக்கரை நாங்க வாங்கறதே இல்லம்மா."

"அப்ப உப்பப் போடு!"

சாருலதா வேறு ரகம். கார் ஓட்டிக்கொண்டேதான் பேசுவாள். "ஒருநாள் நானே சமைச்சு எல்லா டப்பாலயும் ரொப்பி எடுத்துட்டு வரேம்மா, பாரேன்." அந்த ஒருநாள் அடையாறு சிக்னலைத் தாண்டுவதே இல்லை.

"பாத்திரக்கடைக்காரி மாதிரி டப்பா டப்பான்னு புலம்பாத. போனா வேற வாங்கிக்கலாம்" என்றார் கணவர் புகழேந்தி.

"டப்பாவுக்கா நான் அடிச்சுக்கறேன்?"

அவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். பின் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. டப்பாவைக் கொடுக்கவாவது பிள்ளைகள் படியேறி வருவார்களே என்று இருந்ததை அவளும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகள் பங்கை பைக் பார்சல்காரரிடம் கொடுத்துவிட்டு, மகன் பங்கோடு தானே கிண்டிக்கு பஸ் ஏறினாள். இன்று அவன் முகத்துக்கு நேரே கேட்டு வாங்குவது என்று முடிவு. வெறுங்கையோடு போக முடியாதே என்று வெண்டைக்காய் சாம்பாரும் உருளை வறுவலும்.

அடுக்குமாடியின் கேட்டில் காவலாளி கையை நீட்டி நிறுத்தினார்.

"இன்னாமா, எந்த வூடு?"

"நிரஞ்சன். ஒன்பதாவது மாடி."

"பையில இன்னா கீது, சாப்பாடா?"

"ஆமா, சாப்பாடுதான்."

அவர் போனைத் தூக்கி அவள் முகத்தைப் படம் பிடித்தார். "மேல அவுங்களுக்குப் போவும்மா. பாத்துட்டு சொல்வாங்க." தமயந்தி முந்தானையைச் சரிசெய்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் படம் போய்விட்டிருந்தது.

உடனே பதில் வந்தது. "கேட்டாண்டயே வெச்சிட்டுப் போவ சொல்லிட்டாரும்மா."

"யாரு?"

"வூட்டுக்காரர்தான். தோ, நீயே பாரு."

திரையில் வியர்வையோடு அவள் முகம். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: கேட்டில் வைத்துவிடவும்.

"நான் அவனோட அம்மாப்பா."

காவலாளி பதறிப்போனார். "அட, முன்னாடியே சொல்ல வேணாமா! பார்சல்னுல்ல போட்டுட்டேன். இரும்மா, திரும்பப் போட்றேன்."

"வேணாம்."

"போனாவது பண்ணு."

"மூஞ்சியப் பாத்துட்டுதானே சொல்லியிருக்கான். விடுங்க."

"கோச்சிக்காதமா. குந்து, தண்ணி குடி."

"நீங்க சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லம்மா."

பையை அவர் மேசையில் வைத்தாள். "சாப்பிடுங்க. டப்பாவையும் நீங்களே வெச்சுக்கோங்க." அவர் ஏதோ சொல்ல வருவதற்குள் சாலையைக் கடந்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

மாலையில் நிரஞ்சன் கூப்பிட்டான். "அம்மா, இன்னிக்கு சாப்பாடு வரலியே?"

"செய்யல."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"கை வலிக்குது."

அடுத்த சனிக்கிழமையும் கை வலித்தது. சாருலதாவுக்கும் சேர்த்தே வலித்தது. டாக்டரிடம் போகலாம் என்று புகழேந்தி சொன்னபோது, "ஒண்ணும் வேணாம்" என்று பாத்திரங்களை மேடையில் வைத்த சத்தத்தில் அவர் ஹாலுக்குப் போய்விட்டார். மகனிடம் அவள் கேட்கவே இல்லை. கேட்டால் அவன் ஏதாவது சமாதானம் சொல்வான், அதையும் நம்ப வேண்டியிருக்கும்.

மழைக்காலம் முடிந்த பிறகு சாருலதாதான் பேச்சுவாக்கில் சொன்னாள். பார்சல் என்று எது வந்தாலும் கேட்டில் வைக்கச் சொல்லித் தானாகவே பதில் போகும்படி நிரஞ்சன் போனில் அமைத்து வைத்திருந்தான். கூடவே வரும் படங்களை அவன் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அப்படி அமைத்ததுகூட, பைக் பார்சல்காரர் வெயிலில் நிற்கிறார், நீ பதில் சொல்வதற்குள் சாம்பார் ஊசிப்போய்விடும் என்று அம்மா ஒருமுறை திட்டிய பிறகுதான்.