அண்ணன் விற்ற நூலும் நாங்கள் வாங்கிய பங்கும்

அறுபதுகளின் நடுவில் எங்களிடம் ஒரு செயற்கைப் பட்டு நூல் ஆலையின் பங்குகள் இருந்தன. நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சம்பளத்தில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை ஷேரில் போடலாம் என்றவர், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர். பணம் என்னுடையது என்பதால் பங்குகளை என் பெயரிலேயே வாங்கினார்.

அதன்பிறகு அவருடைய காலை வேளையே மாறிப்போயிற்று. மெட்ராஸிலிருந்து இங்கிலீஷ் பேப்பர் ரயிலில் வரும். நாங்கள் குடியிருந்த ஸ்ரீரங்கத்தில் ஸ்டேஷனுக்கே போய் வாங்கி, நின்றபடியே விலைப் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பார். விலை ஏறியிருந்தால் வீட்டு வாசலுக்கு வரும்போதே தெரிந்துவிடும். இறங்கியிருந்தால் காபியில் ஏதாவது குறை சொல்வார்.

என் அண்ணனுக்கு உறையூரில் நூல் கடை. ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் செயற்கைப் பட்டு நூலை மெட்ராஸ் வியாபாரிகளிடம் எடுத்து, நெசவுக்காரர்களுக்கு விற்று வந்தார். அதுவும் எங்கள் ஆலையின் நூலும் ஒரே சரக்குதான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கடையையும் எங்கள் பங்கையும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை, அந்த பட்ஜெட் நாள் வரைக்கும்.

அன்று சாயங்காலம் என் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு ரேடியோ கேட்க வந்தார்கள். அவர்களும் அதே ஆலையில் பங்கு வாங்கியிருந்தவர்கள். வெளிநாட்டு நூலுக்கு இறக்குமதி வரியை ஏற்றிவிட்டார்கள் என்று செய்தியில் வந்ததும் ஒருவர் எழுந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இனிமே ஜப்பான் நூலை யாரு சார் வாங்குவா? நம்ம நூலைத்தான் வாங்கியாகணும்."

கேசரி கிளற உள்ளே போனேன். ரவை வறுபடும்போதுதான் அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. ரவை கருகும் வாசனை வந்தபிறகுதான் அடுப்பிலிருந்து இறக்கினேன்.

ஒரு மாதத்தில் எங்கள் பங்கு விலை நன்றாக ஏறிற்று. வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு சனிக்கிழமை நானே பஸ் ஏறி உறையூர் போனேன். கடையில் அலமாரிகள் பாதி காலியாகக் கிடந்தன. வாசலில் நெசவுக்காரர் ஒருவர் நூல் கட்டைக் கையில் எடுத்து, விலை கேட்டு, திரும்ப வைத்துவிட்டுப் போனார். சித்திரை வரைக்கும் பழைய விலைக்கே தருவதாக அண்ணன் சிலரிடம் அச்சாரம் வாங்கியிருந்தாராம். வரி ஏறிய பிறகும் அந்த விலைக்கே கொடுத்திருக்கிறார். விற்ற காசில் மறுபடி சரக்கு எடுக்க முடியவில்லை.

"அண்ணே, எங்ககிட்ட அந்த ஆலை ஷேர் இருக்கு," என்றேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன்.

"தெரியும்மா. மாப்பிள்ளை தை மாசமே சொன்னாரு. வரி ஏறும் போலிருக்கு மச்சான், நீங்களும் வாங்கிப் போடுங்கன்னாரு."

எனக்கு அது புதுச் செய்தி. "அப்புறம் ஏன்ணே வாங்கல?"

"நூல் விலை ஏறணும்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டு, நூல் வாங்க வர்றவன்கிட்ட எப்படிம்மா முகம் பார்த்துப் பேசறது?" அவர் குரலில் கோபம் இல்லை. சோடா வாங்கிவரச் சொல்லி எனக்குக் கொடுத்தார். என்னால் பாதிகூடக் குடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, பாதிப் பங்கையாவது விற்று அண்ணனுக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்றேன். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏறிட்டிருக்கிற ஷேரை யாராவது விப்பாங்களா? மச்சானுக்கு நான் முன்னாடியே சொன்னேன். கேக்கல. அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். கையெழுத்து நான்தானே போடணும்."

கல்யாணமாகி அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சே இல்லை. பிறகு அவரே புரோக்கரிடமிருந்து படிவத்தை வரவழைத்து என் முன்னால் வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

பணம் வந்ததும் எடுத்துக்கொண்டு உறையூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தொடவில்லை. "உங்க மேல வருத்தமெல்லாம் இல்ல. ஆனா அந்தப் பணத்துல வாங்கின நூலை என்னால விக்க முடியாதும்மா," என்றார். அண்ணி உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. பணத்தைப் போஸ்ட் ஆபீஸில் போட்டேன். ஆடிக்குள் கடையை மூடிவிட்டு, பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுத அண்ணன் வேலைக்குப் போனார்.

அடுத்த வருஷம் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். எங்கள் ஆலை நூல் தயாரிக்க மரக்கூழ் வேண்டும், அது வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கூழின் விலை ஏற, பங்கு விலை சரிந்தது. கொஞ்ச நாளில் நாங்கள் வாங்கிய விலைக்கும் கீழே போயிற்று. நண்பர்களில் ஒருவர் உச்சத்தில் இருந்தபோது மனைவியின் நகையை அடகு வைத்து மேலும் வாங்கியிருந்தார். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. இவர் ஸ்டேஷனுக்குப் போவதை விட்டார். சாப்பாடும் குறைந்தது. ராத்திரி புரண்டு புரண்டு படுப்பார். "நீ பாதியை வித்தது நல்லதாப் போச்சு" என்று ஒரு நாள் சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அண்ணன் கடை போன பிறகு அதில் நல்லது என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து வருகிறார். இவர் எழுந்து நின்றார்.

"மாப்பிள்ளை, ரெண்டு வாரமா அதே விலையிலதான் நிக்குது. இதுக்கு மேல ரொம்ப இறங்காதுன்னு தோணுது. அவசரப்பட்டு வித்துடாதீங்க," என்றார் அண்ணன்.

"நீங்க பாக்கறீங்களா மச்சான்?"

"நான் வேலை பாக்கற ஜவுளிக் கடைக்குப் பேப்பர் வருது. தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

இவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய் இலை போட்டேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முக்கொம்பு அணையில் காவிரித் தண்ணீர் வந்துவிட்டதா என்பதைப் பற்றிப் பேச்சு போயிற்று. நூலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசியதில்லை.

பங்கு விலை பின்னால் மெல்ல மெல்ல ஏறத்தான் செய்தது. அண்ணி மட்டும் கடைசிவரை எங்கள் வீட்டுக்கு வரவில்லை.