சப்பாத்தைக் கழற்றிய பொலிஸ் அதிகாரி

சில வருடங்களுக்கு முன், டென்மார்க்கில் ஸ்கீவ நகருக்குப் பக்கத்துச் சின்னக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. தமிழர் என்று அங்கே இருந்தது எங்கள் வீடும், பக்கத்து வீட்டு அண்ணையும் அக்காவும்தான். காற்றுச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காத ஊர்.

ஒரு ஞாயிறு காலை அக்கா போன் எடுத்தார். "இவர் என்னை விட்டிட்டுப் போட்டார் பிள்ளை. கெதியா வா."

ஓடிப்போய்ப் பார்த்தால், அண்ணையைக் கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருக்கிறார். குளியலறையில் விழுந்து கிடந்தவரைப் போர்வையில் வைத்துத் தனியாளாக இழுத்து வந்து, நெற்றிக் காயத்தைக் கழுவி, தரை இரத்தத்தையும் துடைத்துவிட்டார். வெள்ளைத் துணி கிழித்துத் தாடையையும் கால் பெருவிரல்களையும் கட்டியிருந்தார். நம் வீடுகளில் வழமையாகச் செய்வதுதானே, எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. அதன் பிறகுதான் டாக்டரை அழைத்தோம்.

காயத்தையும் கட்டுகளையும் கழுவிய குளியலறையையும் பார்த்த டாக்டர் உடனே பொலிஸுக்கு அறிவித்தார். போதாக்குறைக்கு எதிர்வீட்டு டேனிஷ்காரர், முதல்நாள் இந்த வீட்டில் ஒரே கத்தலாக இருந்தது என்று சொல்லிவிட்டார். அக்காவைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன். ஊரில் சீருடையைக் கண்டால் ஒளிந்து வளர்ந்தவள் நான்.

விசாரிக்க வந்தவர் ஒரு பெண் அதிகாரி. குரலை உயர்த்தவே இல்லை. முதலில் தொலைக்காட்சியைப் போட்டார். அது வீடே அதிரக் கத்தியது. அண்ணைக்குக் காது கேளாதா என்று கேட்டார். உண்மைதான், அண்ணையோடு கத்தித்தான் கதைக்க வேண்டும். நாங்கள் வாய் திறக்கும் முன்பே பிடித்துவிட்டாரே என்று அசந்துபோனேன்.

அடுத்து அந்தக் கட்டுகளைப் பற்றிக் கேட்டார். வாய் திறவாமல், கால் விலகாமல் இருப்பதற்காகக் கட்டுவது என்று நான் டேனிஷில் விளக்கினேன். அதிகாரி தரையில் உட்கார்ந்து, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிக் கால்களை நீட்டினார். எப்படிக் கட்டினார் என்று தன் காலில் கட்டிக் காட்டும்படி அக்காவிடம் சொன்னார்.

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐயோ பிள்ளை, உயிரோட இருக்கிற ஆளின்ர காலில நான் கட்ட மாட்டன். அவ பிள்ளைகுட்டிக்காரியா இருப்பா."

"கட்டாட்டி உங்களைத்தான் அக்கா சந்தேகப்படுவினம்."

"படட்டும். அவ நல்லா இருக்கோணும்."

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி அக்காவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

நெஞ்சடைப்பு வந்துதான் அண்ணை விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் செய்த பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. போனில் சொல்லியிருக்கலாம். அந்த அதிகாரி நேரே வந்து சொன்னார். கட்டுகளை அவிழ்க்க வேண்டி வந்ததற்கு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். உடலைத் தரும்போது அக்காவே மறுபடி கட்டலாம், ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். அதுவரை கல்லாக இருந்த அக்கா அப்போதுதான் அழுதார்.

சந்தேகப்படுவது அவருடைய வேலை. அந்த வேலையில் ஒன்றையும் குறைக்காமல், புருஷனைப் பறிகொடுத்து நின்றவளின் மனதையும் நோகவிடாமல் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்மணியை நினைத்தால், இன்றும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.