இழுத்தால் அறுக்கும் ரம்பம்

போன வாரம் தானா ராத்தா டவுனுக்குப் போகும் மலைவழியில் மரம் விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. மோட்டார் ரம்பத்தால் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈர மரம் அறுபடும் வாசனை வந்ததும் முகம் சுளித்தேன். "என்னப்பா, பசியா?" என்றாள் மகள். இந்த வயதில் எதற்கு முகம் சுளித்தாலும் பசி என்றே நினைக்கிறார்கள்.

பசியில்லை. அந்த வாசனைக்கு எனக்கு விஜயாவின் குரல்தான் கேட்கும்.

இளவயதில் நானும் கூட்டாளி மணியமும் இந்த மலையில் தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் வேலை. லோரி பழுது பார்ப்போம். ஓய்ந்த நேரத்தில் கைரம்பம் செய்வோம். எஃகுத் தகட்டை வெட்டி, முக்கோண அரத்தால் பல் ராவி, ஒரு பல்லை இடமும் அடுத்ததை வலமுமாக வளைத்து விடவேண்டும். திரிங்காப் ஊர்க் காய்கறித் தோட்டக்காரர்கள்கூடத் தேடி வருவார்கள். நான் வாயாலும் அறுப்பேனாம். அதனால் என் பெயரே 'ரம்பம்' ஆகிவிட்டது. வைத்தவள் மணியத்தின் மனைவி விஜயா. கொழுந்து பறிக்கிறவள், வாய்த்துடுக்கு அதிகம்.

ஒரு மழைநாள் மத்தியானம், எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்து விறகுக் கொட்டகையை மூடிவிட்டது. விறகெடுக்கப் போன விஜயா உள்ளே.

நாங்கள் ஓடிப் போனபோது கூரைத் தகரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு கை நுழையும் சந்துதான் மிச்சம். சரிந்த மரச்சட்டம் ஒன்று வழியை மறித்து, அவள் தொடையையும் அழுத்திக்கொண்டு கிடந்தது. "நகர முடியலண்ணே," என்றாள். டவுனிலிருந்து கிளம்பிய தீயணைப்பு வண்டி பாதையில் விழுந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. யாரோ மோட்டார் ரம்பத்தைக் கிளப்பினார்கள். அந்த அதிர்வுக்கே மேலிருந்து மண் பெயர்ந்து தகரத்தில் விழுந்தது.

"நிப்பாட்டுங்கடா!" மணியம் அலறினான்.

அறுக்க வேண்டிய இடம் அவள் பக்கம். அவளேதான் அறுக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவளால் தள்ளி அறுக்க முடியாது. தன் பக்கம் இழுக்கத்தான் முடியும். பட்டறையில் இருந்த ரம்பங்களோ எல்லாம் நீளம், எல்லாம் தள்ளினால் அறுப்பவை.

பட்டறைக்கு ஓடினோம். பல் வைக்காத குட்டித் தகடு ஒன்று கிடந்தது. பல் கைப்பிடியைப் பார்க்கும்படி அரத்தைச் சாய்த்து ராவினேன். பழக்கத்துக்கு மாறான வேலை, கை போக மறுத்தது. மணியம் அரத்தைத் தொடவில்லை. தகட்டை மட்டும் அழுத்திப் பிடித்திருந்தான். கடைசிப் பல் முடிந்ததும் அதைப் பிடுங்கினான்.

"பல்லுதான் இருக்குல்ல, அவகிட்ட குடுத்துடலாம்டா!"

"பல்ல வளச்சு விரிக்கலன்னா ஈர மரத்துல மாட்டிக்கும். அப்புறம் அவளால உருவ முடியாது."

"அவ செத்துடுவாடா!"

அறையப் போகிறான் என்றே நினைத்தேன். அவன் தகட்டைத் திரும்ப வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் ஒவ்வொரு பல்லாக வளைத்தேன். பிடிக்கு சைக்கிள் டியூப்பைச் சுற்றினேன்.

சந்து வழியே நீட்டினேன். சேறு படிந்த விரல்கள் வாங்கிக்கொண்டன.

"தள்ளணுமா, இழுக்கணுமா?"

"இழு தங்கச்சி. அவசரப்படாத லா."

"அவசரப்படாம இங்கயே குடித்தனம் பண்ணவா?"

கர்ர், கர்ர் என்று சத்தம் வந்தது. நின்றது. மணியம் தகரத்தில் காதை ஒட்ட வைத்தான். மறுபடி கர்ர். மழை வலுத்தது. "கை ஓஞ்சு போச்சு," என்றாள். பிறகு அவளாகவே மறுபடி இழுக்கத் தொடங்கினாள். சட்டம் முறிந்த சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் கை கொடுத்து அந்தத் துண்டை உருவினோம். திறந்த வழியில் மணியம் படுத்தபடி நுழைந்து அவளை அக்குளில் பிடித்து இழுத்து வந்தான். சற்று நேரத்தில் கொட்டகை அப்படியே அமுங்கியது.

கால் எலும்பு முறிந்திருந்தது. ஆறு, ஏழு மாதத்தில் நடந்தாள், கொஞ்சம் சாய்ந்து.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் சுற்றுலா வேன்கள் நிற்கின்றன. மணியம் இறந்துவிட்டான். விஜயா மகளோடு மலைக்குக் கீழே ஈப்போவில். மலையில் பெருமழை என்று கேள்விப்பட்டால் எனக்குப் போன் செய்து, லயத்தில் வீடு வீடாகப் பெயர் சொல்லி விசாரிப்பாள்.

"லயத்த இடிச்சுட்டாங்க தங்கச்சி. அங்க யாரும் இல்ல."

"தெரியும்ணே," என்பாள். "கடைசி வீட்டுப் பவுனம்மா?"