வள்ளியம்மாவின் பிறந்த தேதி

மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் இல்லாமல் போனவர்களுக்கு குடியுரிமைக்கு மனுப் போட்டுத் தரும் சங்கம் ஒன்று தெமியாங்கில், ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் வேலை முழுக்க மாதவியின் தலையில். சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் ஷிப்ட் பார்த்துக்கொண்டே புரோகிராமிங் படித்தவள். மூடிப்போன தோட்டங்களின் பதிவேடுகளிலிருந்து நாலாயிரம் பேரின் விவரத்தை ஒரு டேட்டாபேஸில் ஏற்றி வைத்திருந்தாள்.

ஏற்றுவது பெரிதில்லை. வெளியே எடுப்பதுதான் பெரும்பாடு. மனு வாங்கும் பதிவு இலாகா கவுண்டருக்குத் தாள் ஒரு மாதிரி வேண்டும், வக்கீலுக்கு வேறு மாதிரி, நிதி கொடுப்பவர்களுக்கு இன்னொரு மாதிரி. எல்லாவற்றையும் ஒரே புரோகிராமில் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். வக்கீலுக்காக ஒரு வரியைத் திருத்தினால் கவுண்டருக்குப் போகும் தாள் கெட்டுப்போகும்.

அப்படித்தான் வள்ளியம்மாவின் மனு திரும்பி வந்தது. நாளும் மாதமும் இடம் மாறி, ஜூலை மூன்று மார்ச் ஏழு ஆகியிருந்தது. அறுபத்து மூன்று வயதிலும் அவர் கையில், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு ஐசிதான். கெமாஸிலிருந்து ரயிலேறி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தேதி ஒத்துப்போகலையாம். முதல்லேருந்து போடச் சொல்லிட்டாங்கம்மா."

"தப்பு என்னோடதுங்க ஆன்ட்டி."

"உன்னோடதா? என் பொறந்த தேதியே எனக்குத் தெரியலையோன்னு மூணு நாளா கிடந்து யோசிச்சேன்."

மாதவியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேரே செயலாளர் ஸ்டீவனிடம் போனாள்.

"அண்ணே, இனிமே ஒட்டுப்போட முடியாது. விவரத்தை எடுக்கிறதுக்கு ஒரு பகுதி. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியா ஒரு துண்டு புரோகிராம். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு அசையக் கூடாது. மூணு வாரம் கொடுங்க."

"ஒரு பட்டன்தானே லா. இருக்கிறதை ரிப்பேர் பண்ணு."

"ரிப்பேர் பண்ணிப் பண்ணித்தான் இந்தக் கதி."

ஒரு வாரம் கொடுத்தார். மீதியை அவள் தன் இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எடுத்துக்கொண்டாள். தேதியில் மாதத்தை எழுத்தில் வரவைத்தாள். அப்பா பெயரே பதியப்படாத முந்நூறு பேர் அவளை ஒரு வாரம் அலைக்கழித்தார்கள். ஐந்து வாரம் கழித்து எல்லாம் ஓடியபோது வள்ளியம்மாவின் தாளைத்தான் முதலில் எடுத்து, பதிவேட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாள். கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த மாதமே கவுண்டரில் மனுப் பாரத்தை மாற்றினார்கள். மாதவி ஒரு துண்டை மட்டும் மாற்றி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டாள். வேறெதுவும் கெடவில்லை.

"பாத்தியா, அரை நாள் வேலை. அன்னைக்கு என்னமோ மூணு வாரம் கேட்டியே" என்றார் ஸ்டீவன்.

மாதவி புதுப் பாரத்தில் அன்றைய மனுக்களை அச்சடிக்கப் போனாள்.

வள்ளியம்மாவின் மனு உள்ளே போய்ப் பதினொரு மாதம் ஆகியும் முடிவு வரவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் போன் செய்வார். மாதவி கவுண்டருக்குப் போன் செய்வாள். பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டு, அவர் பிறந்த தேதியைப் பதிவேட்டில் இன்னொரு முறை சரிபார்ப்பாள்.