நண்டு பிடித்த இடம்

வாவிக்கரையிலுள்ள எங்கள் ஊர் பனிச்சங்கேணிக்கு ஏற்றுமதிக் கம்பனியிலிருந்து நண்டு வாங்க ஒருவர் வருவார். ஒல்லியானவர். ஒவ்வொரு நண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக வைப்பார்.

பிடித்த இடத்தைப் போன் வரைபடத்தில் குறிக்காத நண்டை இனி வெளிநாட்டில் வாங்கமாட்டார்களென்று ஒருநாள் சொன்னார். வலை போடும் இடத்தை நாங்கள் கூடப்பிறந்தவனுக்கும் சொல்வதில்லை. வரிசையில் எனக்கு முன்னால் கூடையோடு நின்றவர், "வாவியிலதான் சேர். மரத்திலயா நண்டு பிடிக்கிற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், வாங்க வந்தவரும்தான். ஆனால் அந்தக் கூடையை எடுக்கவில்லை.

அடுத்தது நான். அவர் போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே அமத்துங்க அண்ணன். நான் பாக்கல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொய்யான இடத்தைத் தொடத்தான் நினைத்திருந்தேன். ஏனோ, சரியான இடத்தையே தொட்டேன்.

பிறகு அவர் பார்த்தாரா, தெரியாது. அங்கே இன்றுவரை என் வலை மட்டும்தான் கிடக்கிறது.