கட்டைவிரல் பிடித்த பக்கங்கள்

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மகளிடமிருந்து கடைசிப் படம் வந்தது. அதற்குப் பிறகு அவளுடைய போன் அடங்கிவிட்டது.

அன்று காலைதான் அவள் முதல்முறையாகத் தனியாகப் பாண்டிக்குப் போயிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உள்ளூர்க் கல்லூரி என்பதால், நானோ அவள் அம்மாவோ கூட இல்லாமல் அதுவரை நெய்வேலியைத் தாண்டியதில்லை. எனக்கும் அவளுக்கும் காசு சேர்க்கும் பழக்கம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த இந்தியக் காசுகள் மட்டும்தான். அவற்றை ஆண்டுவாரியாக, அச்சடித்த நாணயச்சாலைவாரியாகப் பிரித்து எண் கொடுத்திருக்கும் ஒரு கையேட்டின் ஜெராக்ஸ்தான் இத்தனை நாள் எங்களிடம் இருந்தது. அது தாள் தாளாகக் கழன்று போயிற்று. பாண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தக் கையேட்டின் பழைய பதிப்பில் ஒன்றும் புதிய பதிப்பில் ஒன்றும் இருக்கின்றன என்று தெரிந்ததும், "நானே போயி வாங்கிட்டு வரேன்ப்பா" என்றாள்.

"ரெண்டுலயும் பக்கம் பக்கமா படம் எடுத்து அனுப்பு. எத எடுக்கறதுன்னு நான் பாத்துச் சொல்றேன்," என்றேன். அதற்கு அவள் தலையாட்டிய பிறகுதான் பஸ் ஏற விட்டேன்.

பதினொன்றரை வாக்கில் படங்கள் வரத் தொடங்கின. செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் சின்ன ஆலை ஒன்றில் மேற்பார்வை வேலை எனக்கு. காயவைத்த கட்டைகள் இருந்த பலகையில் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். படம் வந்த சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவேன். எவ்வளவு துடைத்தாலும் திரையில் வெள்ளையாக ஒரு மண்படலம் ஒட்டிவிடும். காசுகள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து, பனிக்குள் யாரோ நடந்து வருவதுபோல, மெல்லத் தெளிந்து வரும்.

பழைய பதிப்பு கறுப்பு வெள்ளை. ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்ன அடையாளங்களை, மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று, யாரோ பொறுமையாகக் கையால் பெரிதாக வரைந்திருந்தார்கள். புதிய பதிப்பில் பளபளக்கும் தாளில் வண்ணப் படங்கள். இருபது ரூபாய்க் காசு வரைக்கும் இருந்தது. ஆனால் கையால் வரைந்தவற்றை எடுத்துவிட்டிருந்தார்கள். அதைவிடச் சங்கடம், காசுகளின் எண்களையே மாற்றியிருந்தார்கள். காசுகளைப் போட்டு வைத்திருக்கும் எங்கள் அட்டை உறைகளில் எல்லாம் பழைய எண். புதியதை வாங்கினால் அத்தனையும் திருப்பி எழுத வேண்டும். பழையதை வாங்கினால் காசு விற்கிறவர்களோடு பேச முடியாது. அவர்கள் புது எண்ணில்தான் பேசுகிறார்கள்.

எனக்கு முடிவு செய்ய முடியவில்லை. அந்தப் பத்துப் பைசா பக்கத்தை எடு, மங்கலாக இருக்கிறது, திருப்பி எடு, இப்போது அதே பக்கம் புதியதில், என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "கடைக்காரரு என்ன ஒரு மாதிரி பாக்குறாருப்பா" என்று எழுதினாள். "கடைசியா ஒரே ஒரு பக்கம்" என்று பதில் போட்டேன்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. அதில் புத்தகமே இல்லை. சிமெண்டுத் தரை, அவளுடைய செருப்பின் ஓரம், அதன் மேல் சாய்ந்து விழுந்த யாரோ ஒருவரின் நிழல். எல்லாம் இழுபட்டுக் கலங்கியிருந்தன. கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. திறந்து பார்க்கவும் முடியவில்லை.

மனைவியைக் கூப்பிட்டேன்.

"காலையிலேருந்து அத எடு இத எடுன்னு உயிர வாங்குனீங்க இல்ல, அது போனா இல்ல கரண்டு ஆபீஸா? சார்ஜ் தீந்துருக்கும்," என்றாள்.

"ஒரு நெழல் இருக்குது அதுல."

"கடையில கடைக்காரரு நெழலு வுழாம யான நெழலா வுழும்?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஏங்க, நீங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயி நில்லுங்களேன்," என்றாள்.

பஸ் நிலையத்தில் கடலூர் பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். ஸ்ரீமுஷ்ணம் பஸ் கிளம்புவதாகச் சொல்லிச் சொல்லி ஒரு நடத்துனர் கூவிக்கொண்டிருந்தார். பாண்டியிலிருந்து கடலூர் வழியாக வரக்கூடிய ஒவ்வொரு பஸ்ஸும் காலியாகும்வரை பார்ப்பேன். பிறகு படங்களைத் திறப்பேன்.

மதியம் முழுக்க நான் பார்க்காத ஒன்று அப்போது தெரிந்தது. எல்லாப் படத்திலும் அவளுடைய கட்டைவிரல் இருந்தது. பக்கம் மூடிக்கொள்ளாமல் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தது. நகத்தில் பாதி உரிந்த நீலப் பூச்சு. பழைய பதிப்பின் தாளில் அது மங்கி, தாளோடு தாளாகக் கிடந்தது. புதியதன் பளபளப்பில் அதன் பிம்பம் குளத்து நீரில்போல ஆடியது. பெரிதாக்கினால் காசின் சிங்கங்கள் கரைந்து கட்டம் கட்டமாயின. விரல் மட்டும் எவ்வளவு பெரிதாக்கினாலும் விரலாகவே இருந்தது.

படங்களின் ஓரங்களில் அந்தக் கடையும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது. ஒரு படத்தில் நீலக் கதவின் மூலை, ஒன்றில் விசிறியின் நிழல், ஒன்றில் யாரோ குடித்து வைத்த டீ டம்ளர். முதல் படத்தில் மேசையின் இடது பக்கம் கிடந்த வெயில், படத்துக்குப் படம் நகர்ந்து, இரண்டு மணி வாக்கில் அவள் மணிக்கட்டில் ஏறியிருந்தது. பஸ் ஹாரன்கள் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் ஆகிவிட்டன. நான் அந்தக் கடைக்குள் நடந்துகொண்டிருந்தேன். வெயில் எட்டாத அலமாரிகளுக்கு நடுவே, ஒவ்வொரு பக்கத்தையும் தள்ளித் திறந்துகொண்டு போனேன். எந்தப் பக்கத்துக்குப் பின்னாலும் அவள் இருக்கலாம் என்று தோன்றியது.

போன் அதிர்ந்ததும் திடுக்கிட்டு விழித்தேன். பேட்டரி சிவப்பில் நின்றது. மகள் யாரிடமாவது போன் வாங்கிக் கூப்பிட்டால் எடுப்பதற்கு என்னிடம் சார்ஜ் இருக்காதே என்று அப்போதுதான் உறைத்தது. கூப்பிட்டது மனைவி.

"வந்துட்டாளா?"

"இல்ல. நீ கூப்புடாத, சார்ஜ் போயிடும்."

"நல்லா வந்து வாச்சிருக்கீங்க அப்பனும் மவளும்," என்றாள். குரல் உடைந்திருந்தது.

திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடினாலும் பக்கங்கள் புரண்டுகொண்டிருந்தன. எது பழையது, எது புதியது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்த நேரத்தில் ஒரு கடலூர் பஸ் வந்தது. மூட்டைகளோடு சிலர் இறங்கினார்கள். ஒரு பெரியவர் சில்லறைக்காக நடத்துனரோடு சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார். கடைசியாக மகள் இறங்கினாள். துப்பட்டாவில் சுற்றிய ஏதோ ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். நான் எழுந்திருப்பதற்குள் அவளே கிட்டே வந்தாள்.

"ஏம்ப்பா இங்க வந்து ஒக்காந்துருக்கீங்க? எனக்கு வூட்டுக்கு வழி தெரியாதா?"

என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கை தவறித் தரையப் படம் எடுத்து அனுப்பிட்டேன், அதோட சார்ஜ் தீந்து போனு செத்துப்போச்சு. கடைக்காரரு அவரு போன குடுத்தாருப்பா. உங்க நம்பரு எனக்குச் சரியாத் தெரியல. அடிச்சுப் பாத்தேன், வேற யாரோ எடுத்துத் திட்டுனாரு. அப்புறம் நெய்வேலிகிட்ட பஸ்ஸு பஞ்சரு."

அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் விட்டு வைத்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு, துப்பட்டாவைப் பிரித்துக் காட்டினாள்.

"புதுசத்தான் எடுத்தேன். பழசு வேணும்னா அடுத்த வாரம் நீங்க போயி வாங்கிட்டு வாங்க. போறப்ப போனுக்குச் சார்ஜ் போட்டுட்டுப் போங்கப்பா."